வாயில் தெர்மாமீட்டர் இருக்கும்போது

"விண்ணப்பதாரர், உடல்நலம் குறித்த ஒவ்வொரு கேள்விக்கும் தம் வாயால் விடை கூற வேண்டும். விடை தெளிவாக இல்லாவிட்டால், கேள்வி மறுபடி கேட்கப்பட வேண்டும்."

மாண்ட்ரியலில் ஒரு மருத்துவமனை, நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதற்காக அச்சிட்டு வைத்திருந்த விதிகளில் இது ஒன்று. விதியின் எண் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மருத்துவமனையின் பெயரும் நினைவிருக்கிறது. இரண்டையும் எழுதப் போவதில்லை.

விதி நல்ல விதி. அதை எழுதியவர் யாரோ, மனிதர்களைக் கொஞ்சம் கவனித்தவர். அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கோட்டைக் கழற்றாமல் வந்தவள்

எழுபதுகளின் தொடக்கம். ஜனவரியாக இருக்கலாம். மாண்ட்ரியலில் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை எல்லாமே எனக்கு ஜனவரிதான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் எங்கள் மாலை வகுப்பு நடந்தது. பகலில் சின்னக் குழந்தைகள் உட்கார்ந்த அதே குட்டி நாற்காலிகளில், மாலையில் கிரேக்கத் தையல்காரிகளும் இத்தாலியக் கொத்தனார்களும் போர்ச்சுக்கீசியச் சமையல்காரர்களும் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து ஆங்கிலம் கற்றார்கள். ரேடியேட்டரின் மேல் கையுறைகள் வரிசையாகக் காயும். ஈரக் கம்பளியும், யாரோ பசிக்கு உரித்த ஆரஞ்சும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றும் ஆரஞ்சு உரித்தால் எனக்கு இறந்தகால வினைச்சொற்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அன்று தெஸ்பினா கோட்டைக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்தாள். பாடப்புத்தகத்தை வைத்தாள். பழுப்புக் காகிதத்தில் அழகாக அட்டை போட்ட புத்தகம். அட்டை போடாத புத்தகத்தை வகுப்புக்குள் அனுமதிக்க என் மதராஸ் மனம் ஒப்பவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் வந்த வளர்ந்த மனிதர்கள் எல்லாரும் எனக்காக அட்டை போட்டார்கள்.

"டீச்சர், இதை வேற யாருக்காவது குடுங்க."

அவள் பேசியது ஆங்கிலம். நான் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் என்பதால் அதன் குறைகளுக்கு நானே பொறுப்பு. இங்கே என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஆஸ்பத்திரியில வேணாம்னுட்டாங்க. இஸ்திரிப் பெட்டிக்கு இங்கிலீஷ் எதுக்கு? அது யார்கூடயும் பேசாது."

பின் வரிசையிலிருந்து கார்லோ குரல் கொடுத்தார். இத்தாலியர், முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். "என் கடைக்கு வந்துடு தெஸ்பினா. அங்க எல்லாரும் பேசுவாங்க. வேலைதான் நடக்காது."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே சிரிக்கவில்லை.

தெஸ்பினாவுக்கு என்ன வேண்டும் என்பது வகுப்பு முழுக்கத் தெரியும். அவள் ஒரு கிரேக்கத் தீவிலிருந்து வந்தவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்கோட்டுகளுக்கு நீராவி இஸ்திரி போடும் வேலை. இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை. மேற்பார்வை பார்க்கும் பெண்மணி விரலைக் காட்டுவாள், இவர்கள் கோட்டைத் திருப்புவார்கள். கனடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில், வேலை நேரத்தில் ஒருவரும் தன்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டதெல்லாம் பேச்சு இருக்கும் இடத்தில் ஒரு வேலை.

"நோயாளிங்க பேசுவாங்க டீச்சர். அவங்களுக்கு வேற வேலை இல்லை" என்பாள்.

பயிற்சி வருஷத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில் தொடங்கும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அந்தக் கோடையில் தெஸ்பினா தாண்டிவிடுவாள். இந்த வசந்தத்தை விட்டால் அவளுக்கு இஸ்திரிப் பெட்டிதான், கடைசிவரை.

மறுப்புக் கடிதத்தைக் காட்டினாள். உடல்நல வரலாறு காரணமாக ஏற்பதற்கில்லை என்று ஒரே வரி. அவளுக்கு ஜலதோஷம் பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

"கோட்டைக் கழட்டு" என்றேன். "வகுப்புல கோட்டோட நிக்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

அப்படி ஒரு விதி கிடையாது. என் வாழ்நாளில் நானாக இயற்றிய ஒரே பொய் விதி அது. கழற்றினாள்.

நான் புராட்டஸ்டன்ட் ஆனது

இந்த இடத்தில் நான் யார், எனக்கு இந்த வகுப்பில் என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பனிச்சப்பாத்து வாங்கிய கதையை எழுதியதற்கு ஒரு வாசகர், "அம்மையார் கனடாவில் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லையே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

மதராஸில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் ராமலிங்கம் பொறியாளர். அவருக்கு மாண்ட்ரியலில் வேலை கிடைக்க, அறுபதுகளின் கடைசியில் வந்து, நகரத்தின் மேற்கோரப் புறநகரான பியர்பொன்ட்ஸில் குடியேறினோம். காரை அவர் எடுத்துப் போய்விட்டால், எனக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஒரு பஸ் மட்டும் இருந்தது. அதுவும் அதற்குத் தோன்றும்போது வந்தது.

மாலை வகுப்புக்கு ஆசிரியர் தேவை என்று விளம்பரம் பார்த்து ஒரு பள்ளி வாரியத்துக்குப் போனேன். அன்றைய கியூபெக்கில் பள்ளி வாரியங்கள் இரண்டே வகை: ஒன்று கத்தோலிக்கருக்கு, மற்றது புராட்டஸ்டன்ட்களுக்கு. எழுத்தர் என் மதத்தைக் கேட்டார். சொன்னேன். தன் முன்னால் இருந்த இரண்டு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"கத்தோலிக்கர் இல்லைதானே?"

"இல்லை."

"அப்போது புராட்டஸ்டன்ட்."

நெற்றியில் குங்குமத்தோடு புராட்டஸ்டன்ட் ஆகி வீட்டுக்கு வந்தேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணுமா?" என்றார் கணவர்.

"தேவையில்லையாம். சம்பளம் மட்டும் வாங்கிக்கிட்டா போதுமாம்."

தெஸ்பினாவின் குடும்பம் ஆர்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தது. அவளும் அதே கட்டத்தில் விழுந்து, அதே மாதிரி புராட்டஸ்டன்ட் ஆனவள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கட்டம் போட்டவனிடம் சண்டைக்கு நிற்பதில் பயனில்லை, நம் ஆளை எந்தக் கட்டத்தில் உட்கார வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். மதராஸ் அலுவலகம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததன் சாரம் அவ்வளவுதான். பிற்பாடு அதே வாரியத்தில், பிறருக்கு விதிகளை விளக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். வாசகரின் கேள்விக்கு இதுவே விடை.

என் தலை செய்த குழப்பம்

வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு விசித்திரம் நடந்தது. என் மாணவர்கள் சரியான விடையைச் சொல்வார்கள். சொன்ன கையோடு அதைக் கெடுப்பார்கள்.

"நேற்று எங்கே போனீர்கள்?" என்று கேட்பேன்.

"நேற்று சந்தைக்குப் போனேன்" என்பார் கார்லோ. அப்பழுக்கில்லாத வாக்கியம். நான் தலையை ஆட்டுவேன். நம் ஊர் ஆட்டல், ஒரு தோளுக்கும் மறு தோளுக்குமாக, சரி, மேலே சொல்லுங்கள் என்று.

கார்லோவின் முகம் வாடும். "நேற்று சந்தைக்குப் போவேன்?"

"இல்லை, முதலில் சொன்னதையே சொல்லுங்கள்."

"நேற்று சந்தைக்குப் போனேன்."

எனக்கு மகிழ்ச்சி தாங்காது. இன்னும் நன்றாக ஆட்டுவேன். அவர் நொறுங்கிப்போவார். "நேற்று... சந்தை... என்னிடம் வந்தது?"

சில வாரங்கள் இப்படியே ஓடின. இவர்களுக்கு மூளை குளிரில் உறைந்துவிட்டது என்று நானும், இந்தப் பெண்மணியைத் திருப்திப்படுத்த முடியாது என்று அவர்களும் முடிவு கட்டியிருந்தோம். தெஸ்பினாதான் ஒரு நாள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், உங்க தலை இல்லைன்னு சொல்லுது. முகம் ஆமாங்குது. நாங்க எதை நம்பணும்?"

சாக்கட்டியைக் கீழே வைத்தேன். ஒவ்வொருவரையும் அவரவர் ஊரில் தலையால் எப்படி ஆமாம் சொல்வார்கள், எப்படி இல்லை சொல்வார்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். அந்த மாலை நான் கற்றுக்கொண்டதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லவில்லை. தெஸ்பினா இல்லை என்பதற்கு மோவாயை மேலே தூக்கினாள்; புருவமும் கூடவே ஏறியது; நாக்கு 'த்ச்' என்றது. வேண்டாம் என்பதற்கு நாமும் உச்சுக் கொட்டுகிறவர்கள்தானே, எனக்கு உடனே விளங்கியது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவள் ஆமாம் என்று பலமாகச் சொல்வதாகவே நினைத்தார்கள்.

அன்றே கரும்பலகையில் எழுதினேன்: இந்த அறையில் தலை பேசாது. மீறித் தலையாட்டுகிறவர் தன் மாமியாரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும்.

கார்லோ வேண்டுமென்றே தலையாட்டினார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதிகம் தண்டனை பெற்றவள் நான்தான். என் மாமியாரைப் பற்றி மாண்ட்ரியல் கிரேக்கர்களுக்குத் தெரிந்த அளவு எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

புதிதாக யாராவது சேர்ந்தால் அவர்களுக்கு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வது தெஸ்பினாவின் பொறுப்பாயிற்று. அவளைவிடக் கண்டிப்பான ஆள் அந்த வகுப்பில் இல்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

எக்ஸ்ரே எடுக்காத காரணம்

அந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் சிவகுரு என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேலை பார்த்தார். இன்று மாண்ட்ரியலில் மெத்ரோ ரயிலில் ஏறினால் காதில் விழும் தமிழ் அவருடைய தமிழாகத்தான் இருக்கிறது. அன்று ஒருவர் இருவர்தான். வார இறுதியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சோற்றைப் போட்டுவிட்டு விஷயத்தைக் கேட்டேன்.

"அவவுக்கு நாங்கள் படமே எடுக்கேல்லை அக்கா" என்றார்.

"எக்ஸ்ரே எடுக்காம எப்படி உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க?"

"நடைமுறை அப்பிடி. முதல்ல ஒரு நேர்ஸ் கேள்வி கேப்பா. காசநோய் வந்ததோ எண்டு கேட்டு, ஓம் எண்டு எழுதிட்டா அதோட சரி. எங்களிட்ட அனுப்பமாட்டினம். படத்தகடு வீண் எண்டு."

"அப்ப இவ ஓம்னு சொல்லியிருக்கணும்."

"ஓம் எண்டு எழுதியிருப்பினம். அவ சொன்னவவோ எண்டது வேற கதை." ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

அடுத்த வகுப்பில் தெஸ்பினாவை நிறுத்திவைத்துக் கேட்டேன். "காசநோய் வந்திருக்கான்னு உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எப்படிச் சொல்றது? வாயில தெர்மாமீட்டர் இருந்துச்சு."

கையுறை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"பின்ன என்ன பண்ணின?"

மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து உதட்டுக்கு நடுவே வைத்து மூடினாள். மோவாயைத் தூக்கினாள். புருவம் ஏறியது. வாய் மூடியிருந்ததால் அந்த 'த்ச்' மட்டும் வரவில்லை. உச்சு இல்லாமல் பார்த்தால், என் கண்ணுக்கே அது தெளிவான ஓர் ஆமாம்.

கார்லோ மெதுவாகச் சொன்னார்: "அந்த நர்சம்மா மாமியாரைப் பத்தி அஞ்சு வாக்கியம் சொல்லணும்."

பூந்தொட்டிக்குக் கீழே

"இன்னொருத்தி வேலைக்கு நீ எதுக்குக் குளிர்ல அலையணும்?" என்றார் கணவர்.

"விதி ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"இல்லாட்டி?"

"விதி இல்லாத ஆபீஸ் கிடையாதுங்க."

மருத்துவமனையின் பயிற்சி அலுவலகத்தில் ஒரு செயலாளர் இருந்தார். "போன்ஜூர், மதாம். நோயாளியா, பார்க்க வந்தவரா?"

"இரண்டும் இல்லை. உங்கள் சேர்க்கை விதிகளைப் படிக்க வந்திருக்கிறேன்."

அப்படி யாரும் அதுவரை வந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இழுப்பறைகளைத் திறந்தார். அலமாரியின் மேல் தேடினார். கடைசியில் ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டியைத் தூக்கினார். அதன் அடியில் இருந்தது, மெல்லிய சிறு புத்தகம், அட்டையில் தொட்டியின் ஈர வட்டத்தோடு. ஒரே பிரதி என்பதால் வெளியே தரமுடியாது என்றார். நின்றபடியே படித்தேன். ஈர வட்டம் உள்பக்கம்வரை ஊறியிருந்தது; இந்தக் கட்டுரையின் முதல் வரிகள் அதற்குள்தான் இருந்தன. கையால் பிரதி எடுத்துக்கொண்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன். தொட்டியை மறுபடி அதன் மேலேயே வைத்தார்.

மேட்ரன்

தெஸ்பினா தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு வாங்கினாள். இருவருமாக, நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனைப் பார்க்கப் போனோம். உயரமான ஸ்காட்லாந்துப் பெண்மணி. மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். தொப்பிக்குப் போட்ட கஞ்சியை அவர் ஆங்கிலத்துக்கும் போட்டிருந்தார்.

கோப்பைத் திறந்தார். "கேள்வி: காசநோய் வந்ததுண்டா? விடை: ஆமாம். நர்ஸ் எழுதியிருக்கிறார். இதில் ஐயம் எங்கே?"

"இவள் அதை வாயால் சொன்னாளா?"

"தலையை அசைத்திருப்பாள்."

"வாயில் தெர்மாமீட்டர் இருந்தது, மேடம்."

"நேரம் மிச்சமாகிறது. ஒரே சமயத்தில் இரண்டு வேலை."

அவர் மேஜையில் எஃகுத் தட்டில் நாலைந்து தெர்மாமீட்டர்கள் பஞ்சில் படுத்திருந்தன. "ஒரு சிறிய உதவி கேட்கலாமா?" என்றேன். "அதில் ஒன்றை உங்கள் வாயில் வைத்துக்கொள்கிறீர்களா?"

தெஸ்பினா என் முழங்கையைப் பிடித்தாள். மேட்ரன் என் குங்குமத்தையும், புடவைக்கு மேல் நான் போட்டிருந்த ஆண்பிள்ளை ஓவர்கோட்டையும் பார்த்தார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றை எடுத்தார், உதறினார், நாக்கடியில் வைத்துக்கொண்டார்.

பென்சிலை எடுத்துக்கொண்டேன். "நீங்கள் எப்போதாவது சிறைக்குப் போயிருக்கிறீர்களா?"

அவர் தலையை ஆட்டினார். வாயில் கண்ணாடி, வேகமாக ஆட்ட முடியாது. ஒரு தோளுக்கும் மறு தோளுக்குமாக மெல்ல, மிக மெல்ல ஆட்டினார். மயிலாப்பூரில் பிறந்தவர்கூட அவ்வளவு அழகாக ஆட்டியிருக்க முடியாது.

காகிதத்தில் "ஆமாம்" என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

தெர்மாமீட்டரை எடுத்தார். "நான் இல்லை என்றேன்."

"நீங்கள் செய்தது எங்கள் ஊரில் ஆமாம், மேடம். நான் எங்கள் ஊர் வழக்கப்படி எழுதினேன். உங்கள் நர்ஸ் உங்கள் ஊர் வழக்கப்படி எழுதினார். இவள் ஊரில் மோவாயைத் தூக்கினால் இல்லை."

அவர் கையிலிருந்த தெர்மாமீட்டரைச் சாய்த்து, பாதரசத்தைப் படித்தார். "காய்ச்சல் இல்லை" என்றார். "அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

நான் பிரதி எடுத்த விதியை அவர் முன் வைத்து, இரண்டாவது வாக்கியத்தை மட்டும் படித்தேன். விடை தெளிவாக இல்லாவிட்டால், கேள்வி மறுபடி கேட்கப்பட வேண்டும்.

மேட்ரன் தெஸ்பினாவின் பக்கம் திரும்பினார். "உனக்குக் காசநோய் வந்ததுண்டா?"

தெஸ்பினா இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திக்கொண்டு, கழுத்தைக் கம்பிபோல் வைத்துக்கொண்டாள். தலை ஒரு நூல் அசையவில்லை.

"இல்லை. எனக்குக் காசநோய் வந்ததில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை."

இல்லைக்குப் பின்னால் இரண்டு முழு வாக்கியங்கள். நான் பெருமையை மறைக்க ஜன்னலைப் பார்த்தேன்.

"கோப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் மேட்ரன். "நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை இவள் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு தற்காலிகமாக வகுப்பில் உட்காரட்டும். மறுத்துப் பதில் வந்தால் அன்றைக்கே எழுந்து போக வேண்டும். புரிகிறதா?"

"புரிகிறது" என்றாள் தெஸ்பினா, வாயால்.

வெளியே வராந்தாவில் என்னிடம் கேட்டாள். "தற்காலிகம்னா எவ்வளவு நாள் டீச்சர்?"

"கவலைப்படாதே. நான் மதராஸ்ல வேலை பார்த்த கட்டடமே தற்காலிகம்தான். எங்க அப்பா காலத்துலேர்ந்து."

நினைவூட்டு

கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, விதி, வேண்டுகோள், நகல் பெறுபவர் என்று எல்லாம் முறைப்படி. பதில் இல்லை.

கனடாக்காரர்கள் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள், அல்லது கோபமாக இன்னொரு கடிதம் எழுதுவார்கள். மதராஸில் நாங்கள் இரண்டையும் செய்வதில்லை. நாங்கள் நினைவூட்டு அனுப்புவோம். அதில் கோரிக்கையைத் திரும்பச் சொல்லக்கூடாது. கோபம் கூடவே கூடாது. "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று ஒரே வாக்கியம். கீழே நகல், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே இருப்பவருக்கு. படிக்கிறவருக்குத் தன் தலைக்குமேல் யாரோ மெல்ல நடக்கிற சத்தம் கேட்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் தபாலில் போடுவது கணவரின் வேலை. "அடுத்த நகல் யாருக்கு? இங்கிலாந்து ராணிக்கா?" என்பார்.

"இப்ப இல்லை. இன்னும் ரெண்டு படி இருக்கு."

இதற்கிடையில் தெஸ்பினாவின் எக்ஸ்ரே வந்தது. "ஒண்டுமில்லை அக்கா, பளிங்கு மாதிரி இருக்கு. அவவே உங்களுக்குச் சொல்லச் சொன்னவ" என்றார் சிவகுரு. பயிற்சி முடிந்தது. வார்டில் போட்டார்கள். பெயருக்கு எதிரே "தற்காலிகம், பதில் நிலுவையில்" என்று இருந்தது. வேலை விட்டதும் எப்போதாவது வகுப்புக்கு வந்து, அன்றைக்குக் கேட்டதையெல்லாம் சொல்வாள்.

"இன்னிக்கு ஒரு பெரியவர் அவரோட நாயைப் பத்தி முழுக்கதை சொன்னார். தெர்மாமீட்டர் வைக்கவே விடலை. நான் முடியட்டும்னு நின்னேன்."

தொழிற்சாலையில் அவளிடம் யாரும் பேசாத வருஷங்களையெல்லாம் அந்த வார்டு வட்டியோடு திருப்பித் தந்துகொண்டிருந்தது.

ஒரு மாலை டைப்ரைட்டரில் அடுத்த நினைவூட்டைப் பாதி அடித்திருந்தேன். சட்டென்று கை நின்றது. நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டாள். இனி ஆமாம் என்று பதில் வந்தால் அவளுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும்? மறுத்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும், வயதும் தாண்டிவிட்டது. நான் யாரை எழுப்பிக்கொண்டிருக்கிறேன்?

காகிதத்தை உருவி எடுத்தேன்.

"என்ன பத்மா, ராணிக்கு இல்லையா?"

"இனிமே ஒருத்தருக்கும் இல்லை."

எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது கடினமாக இருந்தது. மாதம் பிறந்தால் விரல்கள் தாமாகவே டைப்ரைட்டரைத் தேடும். சிவகுருகூடக் கேட்டார். "பேந்து எழுதுவம் எண்டு விட்டிட்டியளோ அக்கா?"

"பேந்தும் இல்லை, பிறகும் இல்லை சிவகுரு."

தெஸ்பினாவிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். "வந்துச்சா?"

"வரலை."

"நல்லது" என்பாள். ஆனால் அந்த நல்லதுக்கு முன்னால் ஒரு கணம் மூச்சு நிற்கும்.

பஸ் நிறுத்தம்

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் ஒன்றில், பியர்பொன்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். எடுத்துப் போன இடம் அதே மருத்துவமனை. மறுநாள் காலை தட்டோடு வந்தவள் தெஸ்பினா.

என்னை விசாரித்தாள், திட்டினாள், பனியில் நடக்கத் தெரியாதவர்கள் ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்பக்கூடாது என்றாள். பிறகு என் நாக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தாள். வைத்த கணத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் நோயாளியின் வாயில் தெர்மாமீட்டர் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பது வார்டு முழுக்கப் பிரசித்தமாம்.

அப்போதுதான் கணவர் உள்ளே வந்தார், வீட்டுத் தபாலோடு. மேலாக இருந்த உறையில் மருத்துவமனையின் பெயர்.

தெஸ்பினா அதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

அவள் நின்றதால் கணவர் ஆங்கிலத்திலேயே படித்தார். தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் விடை விதிப்படி பெறப்படவில்லை என்று கண்டு, கோப்பில் அது 'இல்லை' எனத் திருத்தப்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறோம். விண்ணப்பதாரர் முப்பத்தைந்து வயதைக் கடக்காதவராக இருந்தால், வரும் வசந்தத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

கணவர் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். "இவளுக்கு வயசு தாண்டியாச்சே" என்று தமிழில் என்னிடம் சொன்னார்.

தெஸ்பினாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் குரல் தெரிந்தது. அந்த வார்டில் அவள் அதுவரை செய்யாததைச் செய்தாள். என் வாயில் தெர்மாமீட்டர் இருக்கும்போது கேட்டாள்.

"டீச்சர், நான் இருக்கலாமா?"

மேட்ரனின் நிபந்தனையை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மறுத்துப் பதில் வந்தால் போக வேண்டும். இது மறுப்பு அல்ல. கறை போய்விட்டது, இனி 'தற்காலிக'த்துக்கே காரணம் இல்லை. எந்த வசந்தத்தில் அவர்கள் யாரை விண்ணப்பிக்கச் சொன்னாலும், இவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள்.

தலையை ஆட்டினேன். நம் ஊர் ஆட்டல், ஒரு தோளுக்கும் மறு தோளுக்குமாக.

அவள் என் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள்.

"விடை தெளிவா இல்லை" என்றாள். "மறுபடி கேட்கிறேன். நான் இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றேன், வாயால். "நீ இங்கேயே இருக்கலாம்."

தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துவிட்டு, கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையில் என் உடல் வெப்பத்தையும் அதற்கு எதிரே தேதியையும் எழுதினாள். பிப்ரவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.